கிறிஸ்துமஸ் என்று ஒரு வியாதி

பி.காம். படிக்கிற பயலுக்கு ரத்தத்தோட என்னய்யா வேலை என்று கேட்கப் போகும் வகுப்பு மக்களே, கொஞ்சம் பொறுங்க. நம்ம பாடமும் உள்ளே வருது.

விரலில் பிளேடு பட்டால் முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். அது தற்காலிக ஒட்டு. அதன் மேல் ஃபைப்ரின் என்ற நூல் வலை விழ வேண்டும். அதற்காக ரத்தத்தில் உள்ள உறைவுக் காரணிகள் ஒன்றை ஒன்று தட்டி எழுப்பிக்கொண்டே போகும். ஆபீஸில் ஃபைல் மேஜை மேஜையாக நகர்கிற மாதிரி. நடுவில் ஒரு கிளார்க் லீவு என்றால் ஃபைல் அங்கேயே நிற்கும். 1 முதல் 13 வரை எண் போட்டிருக்கிறார்கள் (6 மட்டும் கிடையாது. அது 5ன் இன்னொரு வடிவம்தான் என்று பிறகு தெரிந்ததாம்). 8 குறைந்தால் ஹீமோபிலியா ஏ, 9 குறைந்தால் பி. இவர்களுக்கு ரத்தம் வேகமாகக் கொட்டாது, நிற்கத்தான் நேரமாகும். முழங்கால், முழங்கை மூட்டுக்குள்ளே கசிவதுதான் ரொம்பப் படுத்தும்.

பி வகைக்கு இன்னொரு பேர் கிறிஸ்துமஸ் நோய். பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்ற 5 வயதுப் பையனின் பெயர் அது. அவன் ரத்தத்தை ஆக்ஸ்போர்டில் சோதித்தவர்கள், இது வழக்கமான ஹீமோபிலியா இல்லை என்று 1952 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்து இதழில். குசும்பு!

இப்போ நம்ம பாடம். ஒருத்தர் ரத்தத்தில் இந்தக் காரணிகள் துளியூண்டுதான் இருக்கும். அதனால் 1970களில் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, காரணியை மட்டும் பிரித்துப் பொடியாக்கி விற்றார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு தானே ஊசி போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

ரிஸ்க் குறையணுமா, பணத்தைப் பல இடத்தில் பிரித்துப் போடு என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நூறு கம்பெனியில் ஒன்று திவாலானால் நூறில் ஒரு பங்குதான் போகும். கிருமிக்கு அந்தக் கணக்கு செல்லாது. பத்தாயிரம் பேரில் ஒரே ஒருத்தருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தாலும் மொத்த அண்டாவும் போச்சு. ஆள் சேரச் சேர ரிஸ்க் குறையவில்லை, ஏறியது. இது புரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கலை. பிரிட்டனில் மட்டும் கெட்டுப்போன ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் 30,000 பேருக்கு மேல் ஹெச்.ஐ.வி.யோ ஹெபடைடிஸோ தொற்றியது, சுமார் 3,000 பேர் செத்தார்கள் என்கிறது 2024 மே மாதம் வந்த விசாரணை அறிக்கை. பெருமளவு தவிர்த்திருக்கலாம் என்றும் சொல்கிறது.

கனடாவில் வளர்ந்த ஸ்டீபனுக்கும் ஏற்றிக்கொண்ட ரத்தம் வழியாக ஹெச்.ஐ.வி. வந்தது. பாதுகாப்பான ரத்தம் வேண்டும் என்று மற்றவர்களுக்காகவும் போராடிவிட்டு, 1993 டிசம்பரில், 46 வயதில் எய்ட்ஸால் இறந்தார். மனித ரத்தமே தேவைப்படாமல், ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் செல்களில் தயாரித்த 9ம் காரணிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1997ல்.