கெட்டி ஆயில், தண்ணி ஆயில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கியதும் மாமா ஒரு பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். காரின் பானெட்டைத் திறந்து, ஆயில் ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பிறகு நுனியில் இருக்கும் சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். கடைசியில் மோந்து பார்ப்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அத்தை காபி கொடுப்பார். சின்ன வயதில் எனக்கு அது ஏதோ பூஜை மாதிரி இருக்கும். வளர்ந்த பிறகு கிண்டலாக இருந்தது.

மாமாவின் வீடு நாகமலை புதுக்கோட்டையில், தேனி ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் நாகமலை படுத்திருப்பது தெரியும். பாம்பு என்று பெயர் வைத்தவர் மொட்டை மாடியில் நின்றுதான் வைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி சமணர் மலை. கீழே ரோட்டில் உசிலம்பட்டிக்கும் தேனிக்கும் போகிற பஸ்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே போகும்.

கார் 2001 மாடல் ஹோண்டா சிட்டி, விடெக். 106 குதிரைத்திறன். இன்றைக்கு இது பெரிய எண் இல்லை. அன்றைக்கு இந்தியச் சாலையில் ஒரு குடும்பக் கார் அப்படிப் பாய்ந்தது அதிசயம். மாமா அதை மூன்றாவது கையாக வாங்கினார். கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பிஎஃப் பணத்தில் வாங்கிய ஒரே ஆடம்பரம் அதுதான். அத்தை ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த வண்டியின் அழகு ஐயாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலேதான் இருக்கிறது. அதுவரை சாதுவாக முனகிக்கொண்டிருக்கும் எஞ்சின், ஒரு இடத்தில் குரலை மாற்றும். தொண்டை திறந்துகொண்டது போலிருக்கும். 1989இல் இண்டெக்ரா காரில் ஹோண்டா முதன்முதலில் கொண்டுவந்த ஏற்பாடு இது. கேம் ஷாஃப்டில் மெதுவான ஓட்டத்துக்குச் சின்ன மேடு, வேகத்துக்குப் பெரிய மேடு. சின்னதிலிருந்து பெரியதுக்கு மாற்றிவிடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? எஞ்சின் ஆயில்தான். கம்ப்யூட்டர் ஒரு வால்வைத் திறந்துவிட, அழுத்தத்தில் வரும் ஆயில் ஒரு சின்ன ஊசியைத் தள்ளி ராக்கர்களைப் பூட்டிவிடும். மற்ற வண்டிகளில் ஆயில் தேய்மானத்தைத் தடுக்கும், சூட்டை எடுக்கும், அழுக்கைச் சுமக்கும். இந்த வண்டியில் அதற்கு ஒரு கையும் உண்டு.

மூன்று வருஷம் முன்னால் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை. "நமக்கு ஆயில மாத்திட்டாய்ங்கடா மாப்ள. கெட்டியா இருந்ததத் தண்ணியாக்கிட்டாய்ங்க" என்றார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. இனி வேகமாக ஓட்டக் கூடாது என்று அத்தை சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்படித்தான் சாவி என் கைக்கு வந்தது.

நான் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை என்ற வசதியில் மதுரைக்குத் திரும்பி வந்தவன். சாவி கிடைத்த அன்றிரவே படிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வாரத்தில் ஆயிலைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன். இரண்டு வாரப் படிப்புக்கு மட்டுமே அந்தத் தன்னம்பிக்கை வரும்.

படித்தது பொய்யில்லை. டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கிறதே, அதில் டபிள்யூ என்பது விண்டர். குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கான அளவு அது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் சோதித்துப் பார்ப்பார்கள், 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில். மார்கழியில் போர்வையை இழுத்துக்கொள்ளும் மதுரைக்காரனுக்கு இரண்டுமே வேறு கிரகத்துச் செய்தி. பின்னால் வரும் எண்தான் நம்முடையது. 100 டிகிரி சூட்டில் ஆயிலின் பாகுநிலை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. இதற்கு மேல் இன்னொரு சோதனை. 150 டிகிரியில், கடுமையாக அரைபடும்போது ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது. அதிக ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினுக்கு உண்மையான பரீட்சை அங்கேதான்.

6800 ஆர்பிஎம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு வினாடியில் 113 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய், நின்று, கீழே வந்து, மறுபடி நிற்க வேண்டும். அந்த இழுப்பையெல்லாம் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் இரண்டு பிறைத் தகடுகள் தாங்குகின்றன. தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவில் இருப்பது தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான்.

அந்தப் படலம் எப்படித் தாங்குகிறது என்பது தற்செயலாகத் தெரியவந்த கதை. 1880களில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் ஊற்ற பேரிங்கின் மேலே ஓட்டை போட்டால், உள்ளே போக வேண்டிய ஆயில் வெளியே பொங்கியது. தக்கையை வைத்து அடைத்தார். தக்கையைத் தள்ளிவிட்டது. சுற்றுகிற அச்சு தானே ஆயிலை இழுத்து ஆப்பு மாதிரி இடுக்கி, தன்னையே தூக்கிப் பிடித்துக்கொள்கிறது என்று புரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். உலகத்தில் ஓடும் ஒவ்வொரு எஞ்சினும் இன்றைக்கும் அந்தக் கணக்கின் மேல்தான் மிதக்கிறது.

இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டுதான் தேனி ரோட்டில் இருந்த பட்டறைக்கு மாமாவோடு போனேன். மெக்கானிக் அண்ணன் வழக்கம் போல 20டபிள்யூ-50 டப்பாவை எடுத்து வைத்தார்.

"அண்ணே, இது வேணாம். 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் வாங்கிட்டு வந்துருக்கேன்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சொன்னார்: "வண்டி ஒன்றரை லட்சத்துக்கு மேல ஓடிருச்சு மாப்ள. ரிங்கெல்லாம் லூசு. தண்ணி ஆயிலு நிக்காது."

"மாமா, எஸ்2000னு ஹோண்டாவே ஒரு கார் விட்டான். 9000 ஆர்பிஎம். அதுக்கே 10டபிள்யூ-30தான் சொல்றான். கெட்டியா இருந்தா நல்லதுன்றதெல்லாம் மாட்டு வண்டிக் காலத்துக் கணக்கு. பாகுநிலைன்னா என்னன்னே தெரியாம ஊத்திக்கிட்டு இருக்கோம்."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பனியன் துணியை மடித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரிங்க தம்பி, ஒங்க வண்டி" என்று மெக்கானிக் அண்ணன் என் டப்பாவைத் திறந்தார்.

வண்டி இறக்கை கட்டியது போல் ஓடியது. காலையில் கிளப்பும்போது வந்த டப்பெட் சத்தம் குறைந்தது. எனக்கு ஒரே பெருமை. விடியற்காலையில் செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி வரை போய், டீ குடித்து, திரும்பி வருவேன். ஐயாயிரத்தைத் தாண்டி அந்தக் குரல் மாறுவதைக் கேட்கவே போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறக்கவில்லை. நல்ல ஆயில் ஊற்றிவிட்டோம், பிறகென்ன?

நான்காம் மாதம், ஆண்டிபட்டி கணவாய். ஒரு வளைவில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒரு மின்னல் மின்னி அணைந்தது. ஏதோ வயரிங் என்று நினைத்தேன். இறங்கி நேர் ரோட்டில் மிதித்தேன். ஐயாயிரம். ஐயாயிரத்து ஐந்நூறு. குரல் மாறவில்லை. அதற்கு ஆயிலின் கை வேண்டும், கையில் பலம் இல்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இன்னும் மிதித்தேன். அடியிலிருந்து 'டொக், டொக், டொக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல.

ஓரங்கட்டி, ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். துடைத்துவிட்டு மறுபடி செருகிப் பார்த்தேன். நுனியில்கூட ஒட்டவில்லை. தேய்ந்த ரிங் வழியாக, இளகிய ஆயில், அதிக ஆர்பிஎம்மில், நாலு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போயிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை குடித்தாலும் பரவாயில்லை என்று சொல்கிற கார் கம்பெனிகள்கூட உண்டு. சம்பில் இருப்பதே மூன்று சொச்சம் லிட்டர்தான். அந்தச் சிவப்பு விளக்கு அளவைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தம் செத்த பிறகு எரிகிற விளக்கு என்பதை நான் படித்திருந்தேன். படித்ததை யார் பார்த்தார்கள்?

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். எஞ்சினை இறக்கினால் இரண்டாம் சிலிண்டர் பேரிங் செம்பு நிறம் தெரியத் தேய்ந்திருந்தது. கிராங்கில் கோடு. மெக்கானிக் அண்ணன் அதை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை. வண்டி சர்வீஸில் இருக்கிறது என்று பத்து நாள் பொய் சொன்னேன். பதினோராம் நாள் அவரே பட்டறைக்கு நடந்து வந்துவிட்டார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். தகட்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஸ்டிக்க எப்பப் பாத்த?" என்றார். நான் பேசவில்லை. "வா, வீட்டுக்குப் போவோம்."

வீட்டில் பரண்மேல் இருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே நீளமான கண்ணாடி ஜாடி, ஒரு சின்ன டப்பாவில் எஃகுக் குண்டுகள், ஸ்டாப் வாட்ச். ஓய்வு பெறும்போது ஓரம் உடைந்த ஜாடி என்று கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தாராம். அத்தையிடம் விளக்கெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது அரை பாட்டில். "போதாது, இருந்தாலும் ஒனக்குப் போதும்" என்றார்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஸ்டோக்ஸ் முறை. விளக்கெண்ணெய்க்குள் குண்டைப் போட்டு, அது விழும் நேரத்தை வைத்துப் பாகுநிலையைக் கணக்கிடும் செய்முறை. முப்பத்து இரண்டு வருஷம் அந்த ஜாடியைக் கழுவி, எண்ணெய் நிரப்பி, குண்டு எண்ணி வைத்தவரிடம்தான் நான் பட்டறையில் பாகுநிலை பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

குண்டைப் போட்டார். அது அவசரமே இல்லாமல் இறங்கியது. "காலைல வர்ற பேட்ச்சுக்கு ஒரு விடை வரும், மத்தியானம் வர்ற பேட்ச்சுக்கு வேற விடை வரும். ரெண்டு பேருமே சரி. ஏன்?" 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் விளக்கெண்ணெயின் பாகுநிலை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். "அதனால எந்த ஆயிலு நல்ல ஆயிலுன்னு கேட்டா பதிலே கிடையாது மாப்ள. எந்தச் சூட்டுல, எந்த இடைவெளிக்கு, எவ்வளவு தேய்ஞ்சதுக்கு? அதக் கேளு."

அன்றிரவு மறுபடி படித்தேன். எஸ்2000 வந்த அதே காலத்தில் பிஎம்டபிள்யூ ஒரு எம்3 விட்டது. அதுவும் எட்டாயிரத்தைத் தொடும் எஞ்சின். அதற்கு பிஎம்டபிள்யூ சொன்னது 10டபிள்யூ-60. ஒரே காலம், இரண்டு ஆர்பிஎம் ராட்சசர்கள், ஒன்றுக்கு 30, இன்னொன்றுக்கு 60. நான் முதல் உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மாமாவின் முகத்தில் வீசியிருக்கிறேன்.

ஆனால் மாமா சொன்னதும் முழுசாகச் சரியில்லை. அதை அவரே ஒத்துக்கொண்டார். 50 ஊற்றிக்கொண்டிருந்தது தேய்ந்த எஞ்சினுக்கு ஊன்றுகோல். கிராங்கைக் கிரைண்டிங் செய்து, புது பேரிங், புது ரிங் போட்ட எஞ்சினுக்கு அது பாரம். இறுக்கமான இடைவெளியில் கெட்டி ஆயில் மெதுவாகத்தான் நுழையும், வீணாகச் சூடேறும். லேத்தில் மைக்ரோமீட்டர் வைத்து எடுத்த அளவைத் தாளில் எழுதிக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்து பேசி 10டபிள்யூ-40இல் வந்து நின்றோம். செலவு என் இரண்டு மாதச் சம்பளம். மெக்கானிக் அண்ணன் வழக்கம் போலக் காலி டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் குப்பையில் வீசினார். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு நல்ல டப்பா கிடைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

விளக்கெண்ணெயைப் பாட்டிலில் திருப்பி ஊற்றும்போது மாமா விரலை மோந்து பார்த்தார். வாலிபத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்கப் போனபோது இந்த வாடைதான் அடித்தது என்றார். எரிந்த விளக்கெண்ணெய் வாடை. ரேஸ் வண்டிகளுக்கு அப்போது அதுதான் உயிர். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் பிறந்ததுதான். முதல் உலகப் போர் விமானங்களிலும் அதே எண்ணெய். எஞ்சின் துப்பிய புகையை மூச்சில் வாங்கிய விமானிகளுக்கு வயிற்றைக் கலக்குமாம். "நம்ம வண்டி மையும் அதுலதானடா போட்டோம். மாட்டு வண்டிக் காலத்துக் கணக்குன்ன பாரு, அதேதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் பானெட்டைத் திறக்கிறேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து, ரத்தம் இளக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பார். போன வாரம் துடைக்காமலே முதல் தடவை உருவியதைக் காட்டிவிட்டேன்.

"தொடச்சுட்டுப் பாருடா."

துடைத்துவிட்டுச் செருகி, மறுபடி உருவினேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அத்தை காபியை எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார்.