பன்னிரண்டாம் இடம்

கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் ‘சூப்பர் கப்’ என்ற சிறிய மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியது. அந்த வகை வண்டிகளை மலேசியர்கள் ‘கப்சாய்’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் அப்பா பால் மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலையில் அவரை வேலைக்காட்டுக்குக் கொண்டு சென்றது அப்படிப்பட்ட ஒரு கப்சாய்தான். பள்ளிக்கும் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் எங்களைச் சுமந்து சென்றதும் அதுவே. பின்னர் நாங்கள் அலோர் ஸ்டாருக்குக் குடிபெயர்ந்தோம். அப்பா லாரி ஓட்டுநரானார். பழைய கப்சாய் அண்ணனின் கைக்கு வந்தது.

அண்ணனுக்கு ஓட்டுவதைவிடக் கழற்றிப் பூட்டுவதில்தான் ஆர்வம் மிகுதி. எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் அவர் நகரில் ஒரு சீனரின் மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் தவுக்கே இளமையில் பந்தயம் ஓட்டியவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு, தாமும் பந்தயத் தடத்தில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அண்ணனின் மனத்தில் வேர்விட்டது.

ஒரு நாள் இரவு உணவின்போது அண்ணன் தம் விருப்பத்தைச் சொன்னார். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. முந்திய ஆண்டுதான் எங்கள் தாமானில் வாழ்ந்த ஓர் இளைஞர், வயல்களுக்கு நடுவே செல்லும் நேரான சாலையில் நள்ளிரவில் நண்பர்களோடு போட்டி போட்டு ஓட்டி உயிரிழந்தார். அந்தச் சவ ஊர்வலத்தில் அப்பாவும் நடந்து சென்றார். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 7,152 பேர் மாண்டனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். லாரி ஓட்டும் அப்பாவுக்கு அந்த எண்ணிக்கையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாலையோரத்தில் அவர் கண்ட காட்சிகளே போதுமானவை.

“அப்பா, நான் சாலையில் ஓட்டக் கேட்கவில்லை. தடத்தில் எதிரே வண்டி வராது. மருத்துவ வண்டி காத்திருக்கும். விதிமுறை இருக்கிறது” என்றார் அண்ணன்.

“வேகம் ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால், சாலை எது, தடம் எது என்று கை பார்க்காதே, ஐயா” என்றார் அப்பா.

இரண்டு மாதங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இறுதியில் அம்மாதான் இருவருக்கும் நடுவே வழி கண்டார். அப்பா மூன்று நிபந்தனைகளை விதித்தார். சாலையில் ஒருமுறை வேகமாக ஓட்டியதாகக் கேள்விப்பட்டாலும் பந்தய வண்டியை விற்றுவிட வேண்டும். வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு ரிங்கிட்டும் குறையக்கூடாது. ஒவ்வொரு செலவையும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது நான் மூன்றாம் படிவ மாணவி.

புத்தகத்தின் முதல் வரி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது: ‘பழைய வண்டி – 1,800 ரிங்கிட்.’ அது விபத்தில் நொறுங்கிக் கிடந்த வண்டி. தவுக்கே அதை அண்ணனுக்குக் கொடுத்து, மாதம் 150 ரிங்கிட் வீதம் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். இரண்டாவது வரி: ‘தோலாடை – 600 ரிங்கிட், அம்மாவிடம் கடன்.’ அம்மா தம் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்த தொகை அது. விழும்போது உடல் சாலையில் உராயாமல் காக்கும் அந்தத் தோலாடையைப் பிறர் பயன்படுத்திய நிலையில்தான் வாங்க முடிந்தது. முழங்கைப் பகுதியில் இருந்த கிழிசலை அம்மாவே பட்டை ஊசியால் தைத்தார்.

பந்தய வண்டியைத் தயார்ப்படுத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. விளக்கு, கண்ணாடி, எண் தகடு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். இயந்திரத்திலிருந்து எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். ஓடும்போது அந்தப் போல்ட் கழன்றால் தடம் முழுவதும் எண்ணெய் சிந்தும்; பின்னால் வருபவர்கள் சறுக்கி விழுவார்கள். எனவே, பந்தயத்திற்கு முன் அதிகாரிகள் கம்பியைத் தொட்டுப் பார்த்த பிறகே வண்டியை உள்ளே விடுவார்கள். வேலை முடிந்து வீடு திரும்பியதும் அண்ணன் இரவு பதினொரு மணி வரை வாசலில் அமர்ந்து இவற்றைச் செய்வார். பட்டறையில் உடன் வேலை செய்யும் மலாய் நண்பர் கியர் பற்சக்கரத்தை மாற்ற வருவார். நான் விளக்குப் பிடிப்பேன்.

முதல் ஆண்டு கைக்குக் கிடைத்தது ஏமாற்றம்தான். நான்கு பந்தயங்களில் ஓட்டினார். ஒன்றில் பத்தொன்பதாம் இடம். மற்றொன்றில் பதினேழாம் இடம். மூன்றாவது பந்தயத்தில் சங்கிலி அறுந்தது. நான்காவது பந்தயத்தில் அண்ணன் விழுந்தார்.

அந்த வீழ்ச்சிக்கான காரணத்தைத் தவுக்கே பின்னர் ஒரு தாளில் வரைந்து எங்களுக்கு விளக்கினார். தரையைப் பற்றிப் பிடிக்கும் ஆற்றல் டயருக்கு ஓர் அளவுதான் உண்டு. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது, அந்த ஆற்றலின் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடும். அந்த நேரத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால், மிச்சமிருக்கும் பிடிப்பும் போய்விடும். சக்கரம் வழுக்கும். அண்ணனுக்கு நேர்ந்தது அதுவே. அவருடைய காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரங்கள் கையைத் தொங்கவிட்டபடி வீட்டில் இருந்தார்.

அந்த ஆறு வாரங்களில் அப்பா கண்டித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் அண்ணனுக்குச் சட்டை மாட்டிவிடுவார். அந்த மௌனம்தான் அண்ணனை மிகவும் வருத்தியது. “வண்டியை விற்றுவிடலாமா, பாப்பா?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். செலவுப் பக்கங்கள் நிரம்பியிருந்தன. நுழைவுக் கட்டணம், டயர், பெட்ரோல், டோல், வேன் வாடகை என்று ஒரு பந்தயத்திற்கு ஏறத்தாழ 700 ரிங்கிட் கரைந்திருந்தது. வரவுப் பக்கத்தில் இரண்டே வரிகள் இருந்தன. தவுக்கே தந்த நூறு ரிங்கிட் ஒன்று; பக்கத்து வீட்டுப் பாட்டி தீபாவளி அன்பளிப்பாகக் கொடுத்த இருபது ரிங்கிட் மற்றொன்று.

பிறருக்கும் இப்படித்தானா என்று அறிய நான் படிக்கத் தொடங்கினேன். 1994ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ‘கப் பிரி’ என்ற கப்சாய்ப் பந்தயத் தொடர் நடந்து வருகிறது. பல ஊர்களில் சாலைகளையும் வாகன நிறுத்துமிடங்களையும் தற்காலிகத் தடங்களாக மாற்றி அது நடத்தப்பட்டது. நம் நாட்டு வீரர்கள் பலர் அதில் பழகியே உலக அரங்கிற்குச் சென்றனர். சுல்ஃபாமி கைருடின் 2012ஆம் ஆண்டில் செப்பாங்கில் மோட்டோ3 பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். கைருல் இடாம் பாவி 2016ஆம் ஆண்டில் அர்ஜெண்டினாவில் ஈரமான தடத்தில் வென்று, உலகத் தொடர்ப் பந்தயம் ஒன்றில் வெற்றி பெற்ற முதல் மலேசியரானார். ஹஃபிஸ் ஷாரின் 2018ஆம் ஆண்டில் மோட்டோ ஜிபி என்ற உச்சப் பிரிவை எட்டினார். தமிழர்களும் இதில் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011ஆம் ஆண்டில் 125 சிசி உலகத் தொடரில் களமிறங்கினார்.

ஆயினும், உச்சியை அடைபவர் சிலரே. எஞ்சியவர்கள் என்ன ஆகிறார்கள்? பிரிட்டனில் ‘ஸ்பீட்வே’ என்ற பந்தயம் ஏறத்தாழ நூறாண்டுகளாக நடக்கிறது. 1928 பிப்ரவரி 19இல் லண்டனை அடுத்த ஹை பீச் என்னுமிடத்தில் நடந்த பந்தயம் அங்கு அதற்குப் பெரிய தொடக்கமாக அமைந்தது. அதில் ஓடும் 500 சிசி வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது, ஒரே கியர்தான். நான்கு பேர் மண் தடத்தில் நான்கு சுற்றுகள் ஓட்டுவார்கள். ஒரு நிமிட அளவில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்திற்காகக் கீழ்நிலைப் பிரிவு வீரர்கள் பலர் பகலில் வேறு வேலை செய்து, இரவில் வண்டியைப் பழுதுபார்த்து, நெடுந்தூரம் வேன் ஓட்டிச் செல்கிறார்கள். ஊர் மக்கள் ஊதியமின்றித் தடத்தைச் சமன் செய்கிறார்கள். அவர்களுடைய பெரிய கவலை, நிலம். 2023ஆம் ஆண்டில் பீட்டர்பரோ, வுல்வர்ஹாம்ப்டன் ஆகிய இரண்டு ஊர்க் கழகங்கள் தங்கள் திடல்களை இழந்தன. ஷா ஆலாமில் இருந்த பத்து தீகா பந்தயத் தடமும் 2003ஆம் ஆண்டில் மூடப்பட்டு வீட்டுமனைகளாக மாறியதை நாம் மறந்துவிட முடியாது. சட்டப்படி ஓட்ட இடம் இல்லாத ஊரில், இளைஞர்களின் வேகம் சாலையைத்தான் தேடிச் செல்லும்.

நான் படித்தவற்றை அண்ணனிடம் சொன்னேன். “அப்படியானால் நான் தனியாள் இல்லை” என்றார். எலும்பு கூடியதும் அவர் மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். இம்முறை வேகத்தைக் கூட்ட முயலவில்லை. பிரேக் பிடிக்கும் விரல்களைப் பழக்கினார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை மெல்ல விடுவித்து, அதன் பிறகே வண்டியைச் சாய்த்தார். நான் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்தேன். மாதக்கணக்கில் அந்த எண்கள் அசையவே இல்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் அம்மி மிக மெதுவாகவே நகர்ந்தது.

இரண்டாம் ஆண்டின் கடைசிப் பந்தயத்திற்கு அப்பா முதன்முறையாக உடன் வந்தார். பக்கத்து ஊரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் தற்காலிகத் தடம் அமைத்திருந்தார்கள். இருபத்து நான்கு பேர் ஓட்டினார்கள். தகுதிச் சுற்றில் அண்ணனுக்கு இருபதாம் இடமே கிடைத்தது. பந்தயம் தொடங்கச் சிறிது நேரம் இருந்தபோது வானம் இருண்டு மழை கொட்டியது. எல்லாரும் வரிப்பள்ளங்கள் கொண்ட மழை டயர்களை அவசர அவசரமாக மாட்டினார்கள். அண்ணனிடம் இருந்தது தேய்ந்துபோன ஒரே ஒரு சோடி.

“போதும், வேண்டாமென்று சொல்” என்றார் அப்பா என்னிடம். அவருடைய கை வேலிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. அதற்குள் கொடி அசைந்துவிட்டது.

மழையில் இயந்திரத்தின் வலிமைக்கு மதிப்புக் குறைவு. மென்மையாக ஓட்டும் கைக்கே மதிப்பு அதிகம். வேகமான வண்டிகள் சில முதல் வளைவிலேயே சறுக்கின. அண்ணன் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னதாகவே வேகத்தைக் குறைத்தார். வளைவைக் கடந்ததும் தடுமாறாமல் விரைந்தார். பதினெட்டு, பதினாறு, பதினான்கு என்று அவருடைய இடம் முன்னேறியது. நனைந்த தாளில் என் பேனா எழுத மறுத்தது. பத்துச் சுற்றுகள் முடிந்தபோது அவர் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தார்.

உலகப் பந்தயங்களைப் போலவே அங்கும் முதல் பதினைந்து பேருக்குப் புள்ளிகள் உண்டு. பன்னிரண்டாம் இடத்திற்கு 4 புள்ளிகள். இரண்டு ஆண்டு உழைப்பில் அவை அண்ணன் பெற்ற முதல் புள்ளிகள். கோப்பை இல்லை, பணமும் இல்லை. தவுக்கே வெற்றி பெற்றவரைப்போல் குதித்தார். மலாய் நண்பர் அண்ணனைத் தூக்கிச் சுற்றினார்.

அப்பா மட்டும் அமைதியாக வந்து கேட்டார்: “இடப்பக்க வளைவில் எல்லாருக்கும் முன்னால் நீ வேகத்தைக் குறைத்தாயே, ஏன்?”

“பயமாக இருந்தது, அப்பா.”

அப்பா அவருடைய தலைக்கவசத்தை வாங்கித் துடைத்தார். “அந்தப் பயம் உன்னிடம் இருக்கும் வரைக்கும் ஓட்டு, ஐயா” என்றார்.

இப்போது அண்ணன் சனிக்கிழமைகளில் பட்டறை மூடிய பிறகு, தாமான் பையன்கள் சிலருக்கு வண்டி பழுதுபார்க்கக் கற்றுத் தருகிறார். நள்ளிரவில் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்த இருவரும் அவர்களுள் அடங்குவர். அப்பா விதித்த முதல் நிபந்தனையை அண்ணன் அவர்களுக்கும் விதித்தார். ஒருவன் அதை மீறிச் சென்றுவிட்டான். மற்றொருவன் தொடர்ந்து வருகிறான். எண்ணெய் போல்ட்டில் கம்பி முறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் கட்டிய கம்பியை அப்பாவே விரலால் தொட்டுச் சரிபார்க்கிறார்.

அம்மாவின் 600 ரிங்கிட்டை அண்ணன் மாதம் 50 ரிங்கிட் வீதம் ஓராண்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கணக்குப் புத்தகத்தில் இன்னமும் செலவுதான் மிகுதி. ஆனால், வரவுப் பக்கத்தில் ரிங்கிட்டில் எழுத முடியாத ஒரு வரியை நான் சேர்த்திருக்கிறேன்: ‘4 புள்ளிகள்.’