மூன்று முறை கழன்ற சில்லு

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களும் வாசியுங்கள்.

நாங்கள் நான்கு பேர். மூன்று சேர்மார், ஒரு டீச்சர். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் உள்ள ஒரு பாடசாலைக்குத் தினமும் போய் வருகிறோம். 2022 எரிபொருள் நெருக்கடியில், கியூஆர் கோட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது ஒரே காரில் போகத் தொடங்கினோம். நெருக்கடி முடிந்தும் பழக்கம் விடவில்லை. கார் எங்களில் ஒருவருடையது. ஆனால் பெற்றோல் காசு நான்காகப் பிரிவதால் எல்லோருக்கும் அது "எங்கட கார்"தான்.

கார் ஹொண்டா ஃபிட். கைமாறி வந்தது. முதல் சொந்தக்காரர் பின்சில்லுகள் வெளியே தள்ளித் தெரிய வேண்டும் என்று வேறு அலோய் ரிம் போட்டு, ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் 25 மில்லிமீற்றர் ஸ்பேசரும் வைத்திருந்தார். ஸ்பேசர் என்பது தடித்த அலுமினிய வட்டம். காரின் ஸ்டட் நான்கில் அதை நட் போட்டு இறுக்குவார்கள். அதிலேயே வேறு நான்கு ஸ்டட் இருக்கும். சில்லு அதில் ஏறும். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது, கோமாரி தாண்டியதும் பின்னால் "டக் டக்" என்று சத்தம். ஸ்பீட் குறையக் குறைய சத்தம் கூடியது. கல் ஏதும் டயரில் சிக்கியிருக்கும் என்று இறங்கிப் பார்த்தோம். இடது பின்சில்லில் நான்கு நட்டில் மூன்று விரலால் திருகவே சுற்றின. எங்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. டிக்கியில் இருந்த சாவியால் மிதித்து இறுக்கிக்கொண்டு, மெதுவாக ஊர் வந்து சேர்ந்தோம்.

நேரே வழக்கமாகப் போகும் டயர் கடைக்குப் போனோம். அங்கே வேலை செய்த பையன் எங்களிடம் படித்தவன். ஓ.எல்.லில் கணிதம் விட்டுப்போய், திரும்பவும் எழுதாமல் வேலைக்குப் போனவன். சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "சேர், இந்த ஸ்பேசரக் கழட்டிருங்க. ரிம்முக்குப் பின்னால என்னமோ முட்டுற மாதிரி இரிக்கி."

நாங்கள் அதைக் காதில் போடவில்லை. "அது இத்தனை வருஷமா இரிக்கி மகன். நீ நட்ட ஒழுங்கா இறுக்கு" என்றோம். அவன் ஒன்றும் பேசாமல் இறுக்கினான்.

பத்து நாள் போகவில்லை, அதே சில்லு, அதே சத்தம். இந்த முறை கடை முதலாளியே வந்தார். ஸ்டட்டில் நட் ஒட்டும் பசையைப் பூசி, காற்றில் இறுக்கும் கன்னால் அலற அலற இறுக்கினார். "இனி வெட்டித்தான் எடுக்கணும்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மூன்றாவது முறை சங்கமன்கண்டிப் பக்கம். காலை நேரம், டீச்சரின் சின்ன மகளும் அன்று காரில். "டங்" என்று ஒரு சத்தம், காரின் பின்பக்கம் ஆடியது. நிறுத்திப் பார்த்தால் ஒரு ஸ்டட் முறிந்து நட்டோடு போய்விட்டது. மற்றதில் இரண்டு தளர்ந்திருந்தன. இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைக்க விருப்பமில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

கார் ஏற்றும் வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்கே போனோம். எங்களுக்குக் கோபம். முதலாளி எங்கள் முகத்தைப் பார்த்தார், பையனின் முகத்தைப் பார்த்தார். "முதல்ல இறுக்கினது இவன்தான். நூல் பிசகி இறுக்கியிருப்பான்" என்றார். எங்களில் ஒருவர், "படிக்கிற காலத்திலயும் இவன் இப்படித்தான், கவனம் இல்ல" என்று சேர்த்துக்கொண்டார். மற்ற மூவரும் பேசாமல் நின்றோம். அன்று மாலையே பையனை வேலையால் நிறுத்திவிட்டார்கள் என்று அடுத்த நாள்தான் தெரியும்.

காரை வேறு ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். வயதான காக்கா ஒருவர், பேச்சுக் குறைவு. அவர் நட்டை இறுக்கவே இல்லை. சில்லைக் கழற்றி, ரிம்மைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தை விரலால் தடவினார். நான்கு இடத்தில் பிறை மாதிரிப் பளபளப்பான தழும்பு. பிறகு எங்களிடம், "சோக் இரிக்கா?" என்று கேட்டார். வாத்திமாரிடம் சோக் இல்லாமலா? பையிலிருந்து ஒரு நீலச் சோக்கை எடுத்துக் கொடுத்தோம். ஸ்பேசரைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காரின் சொந்த ஸ்டட் நுனிகளில் அதைப் பூசினார். சில்லை ஏற்றி, கையால் இறுக்கி, திரும்பக் கழற்றினார். ரிம்மின் தழும்பு நான்கிலும் நீல நிறம்.

விசயம் இதுதான். காரின் சொந்த ஸ்டட், 25 மில்லிமீற்றர் ஸ்பேசரை விடக் கொஞ்சம் நீளம். வெளியே நீட்டியது இரண்டு மில்லிமீற்றர்கூட இராது. பின்பக்கம் அந்த இடத்தில் குழி உள்ள ரிம் என்றால் பிரச்சினை இல்லை. இந்த ரிம்மில் குழி இல்லை. ஆகவே ரிம் ஸ்பேசரின் முகத்தில் உட்காரவில்லை, நான்கு நுனியில் ஏறி நின்றது. இறுக்கும்போது இறுகின மாதிரித்தான் இருக்கும். ஓட ஓட இரும்பு நுனி அலுமினியத்தைத் தின்னும், இறுக்கம் போகும்.

அடுத்தது நட். ஹொண்டாவின் சொந்த நட்டின் அடி உருண்டை வடிவம். வெளி ரிம்களின் துளை பெரும்பாலும் கூம்பு வடிவம். கூம்புக்குள் உருண்டையை வைத்தால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் படும். காக்கா நட்டை ரிம் துளையில் வைத்து விரலால் தட்டினார், ஆடியது. மூன்றாவது, ஸ்பேசருக்குள்ளே இருக்கும் நட் நான்கில் ஒன்றும் தளர்ந்திருந்தது. சில்லைக் கழற்றாமல் அதை யாரும் பார்க்கவே முடியாது.

எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அவருக்குத்தான் அதிக வெட்கம். சில்லைப் பிடித்து வைத்திருப்பது நட்டின் பலம் அல்ல, உராய்வு. இறுக்கும்போது ஸ்டட் ஒரு சுருளி வில் மாதிரி மயிரளவு நீளும். அந்த இழுவைதான் ரிம்மை ஹப்போடு அமுக்கி வைக்கிறது. முகத்தோடு முகம் படியாவிட்டால் சில்லு பக்கவாட்டில் நுணுக்கமாக வழுக்கும். அப்படி வழுக்கினால் இறுக்கிய நட்டும் தானாகச் சுழன்று கழலும் என்று ஜேர்மன் பொறியியலாளர் ஜுங்கர் 1969 இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். பசையோ, கன்னோ அதற்கு மருந்தில்லை. மிஞ்சி இறுக்கினால் ஸ்டட் தன் எல்லையைத் தாண்டி நீண்டு, முறியத்தான் செய்யும்.

காக்கா இரண்டு ஸ்பேசரையும் கழற்றி எறிந்தார். ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். ரிம்மின் நடுத்துளை ஹப்பை விடப் பெரிதாக இருந்ததால் இடையில் வளையம் போட்டார். கூம்பு நட் வாங்கி, எதிரெதிராக மாற்றி மாற்றி, டோர்க் ரென்ச்சால் 108 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினார். அரை மீற்றர் நீளச் சாவியின் நுனியில் 22 கிலோ பாரம் தொங்குவது போன்ற அளவு. ஏறி மிதிக்கத் தேவையே இல்லை. 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப வந்து பார்க்கச் சொன்னார். போனோம். அசையவில்லை. ஏழு மாதமாகிறது, இன்னும் அசையவில்லை.

காசு கொடுக்கும்போது அவர் கேட்டார்: "இத முதல்ல பாத்தவன் ஒண்டும் சொல்லல்லையா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு நாங்கள் நான்கு பேரும் பையனின் வீட்டுக்குப் போனோம். உம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டு வந்தார். "நீ சொன்னதுதான் சரி மகன். எங்களப் பொருந்திக்கோ" என்றோம். "பரவால்ல சேர்" என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. இழந்த நாட்கூலியைக் கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டான்: "அந்தக் கடையில வந்து சொல்லுவீங்களா? அங்க எல்லாரும் நான் நூல் பிசகினேன்டுதான் நினைக்காங்க."

அடுத்த நாள் ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். ரிம்மையும் கையோடு கொண்டுபோய்த் தழும்பைக் காட்டி, பிழை ஸ்பேசரில், பிறகு எங்களில், பையனில் இல்லை என்று சத்தமாகச் சொன்னோம். முதலாளி திரும்ப வரச் சொன்னார். அவன் போகவில்லை. இப்போது ஒரு சைக்கிள் கடையில் நிற்கிறான். அந்தக் காக்காவிடம் அவனைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், நடக்கும்.

கார்க்காரர்களே, உங்கள் காரில் ஸ்பேசர் இருந்தால் இந்த வாரமே சில்லைக் கழற்றி ரிம்மின் பின்பக்கத்தைப் பாருங்கள். தழும்பு இருந்தால் ஓட்டாதீர்கள். நட் ஒருமுறை தளர்ந்தால் இறுக்குங்கள், இரண்டாவது முறையும் தளர்ந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

சேர்மாரே, டீச்சர்மாரே, பின்வாங்கில் இருக்கிற பிள்ளை "என்னமோ முட்டுற மாதிரி இரிக்கி" என்று சொன்னால், ஒரு நிமிடம் சோக்கை வைத்துவிட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.