மூன்று புள்ளடிகள்

தேர்தல் பெறுபேறுகளை இரவு முழுவதும் விழித்திருந்து கேட்பது ஊவா மலைகளில் புதிதன்று. வெலிமடை, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று பதுளை மாவட்டத்தின் 9 தொகுதிகளும் ஒவ்வொன்றாக வெளிவரும். எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதும் தெரிந்துவிடும். ஆனால் தோட்டத்து மக்களோடு சேர்ந்து நாம் காத்திருப்பது அதற்குப் பின் வரும் விருப்பு வாக்குப் பட்டியலுக்கே. நம்மவர் உள்ளே செல்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதை அதுதான் சொல்லும்.

அமெரிக்காவில் கட்சிகள் தம் வேட்பாளரைத் தெரிவுசெய்ய முன்கூட்டியே ஒரு தேர்தல் வைக்கின்றன. சில மாநிலங்களில் மாற்றுக் கட்சியாரும் அதிற் புகுந்து, எளிதில் தோற்கக்கூடியவருக்கு வாக்களித்துச் சூழ்ச்சி செய்வதுண்டு. நமது நாட்டில் அந்தப் போட்டி பொதுத் தேர்தலின் வாக்குச்சீட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கட்சிக்கு ஒரு புள்ளடி. அக்கட்சியின் வேட்பாளருள் விரும்பியவருக்கு மூன்றுக்கு மேற்படாத புள்ளடிகள். ஆகவே வேட்பாளன் அஞ்சுவது எதிர்க்கட்சிக்காரனை மட்டுமன்று. ஒரே மேடையில் தன் அருகில் நிற்கும் தோழனையுந்தான்.

இம்மூன்று புள்ளடிகளுக்காக லயங்களில் நடக்கும் பேரத்தை நாம் அறிவோம். "எங்களுக்கு ஒன்று தாருங்கள்; உங்களவருக்கு எங்கள் கிராமத்தில் ஒன்று வாங்கித் தருகிறோம்" என்பார் ஒருவர். "நமக்கு மட்டும் போடுங்கள், மற்ற இரண்டையும் வெறுமையாக விடுங்கள்" என்பார் இன்னொருவர். பிறருக்கு இடும் புள்ளடி நம்மவரையே பின்தள்ளலாம். கொடாதவனுக்கோ எதுவும் திரும்பி வராது. சிறுபான்மையாய் வாழும் மாவட்டத்தில் தனித்து நின்று வெல்வது எளிதா?

இது அற்பக் கணக்கன்று. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அந்த மக்களின் வாக்கையே பறித்தன. மீதியாயிருந்த நாடற்றோருக்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. இத்துணைப் போராட்டத்தால் மீண்ட வாக்கைத் தலைவர்மார் தமக்குள் பேசிமுடித்து, இலக்கங்களைத் துண்டில் எழுதிக் கீழே அனுப்புவது தகுமா?

2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. முதலிரு வேட்பாளருக்கு அப்பால் நின்றோர் பெற்ற வாக்குகள் 33 லட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அவ்விருவருக்கும் சேர்ந்தவை 2,73,131 மட்டுமே. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கையில் இருந்த உரிமை பயன்படாமலே கிடந்தது.

அதே ஆண்டு நவம்பரில் பதுளை மாவட்டம் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் கிட்ணன் செல்வராஜையும் அம்பிகா சாமுவேலையும் தெரிவுசெய்தது. மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் சென்றதும் அத்தேர்தலிலேயே முதன்முறை. அவ்விருவரின் வெற்றி தமிழர் புள்ளடிகளால் மட்டுமே ஆனது என்று நாம் கருதவில்லை. உழைக்கும் சிங்களவனின் பென்சிலும் அந்த இலக்கங்களைத் தேடிச் சென்றிருக்கிறது. பேரம் பேசி வாங்கிய புள்ளடிக்கும், ஒரே வறுமையை உணர்ந்து இட்ட புள்ளடிக்கும் எண்ணும்போது வேறுபாடு தெரியாது. எண்ணி முடிந்த பின்னர் வாழும் ஐந்தாண்டுகளில் தெரியும்.

ஆதலின் ஆசிரியராகிய நமக்கு ஒரு கடமை உண்டு. எவருக்கு வாக்களிப்பது என்று சொல்வதன்று அது. வாக்கு எவ்வாறு எண்ணப்படுகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது. கணக்கறிந்த தொழிலாளியிடம் எவரும் துண்டு நீட்டமாட்டார்.