கொல்லைக் காந்தள்

1960-இல் எல்லை மாறி ஆந்திரத்தோடு இணைந்த எங்கள் சத்தியவேட்டில், தமிழகத்தின் மாநில மலராகிய செங்காந்தளை வளர்க்க வேண்டுமென்பது என் நெடுநாளைய ஆசை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலாவது அதுவன்றோ!

மூலனூரிலிருந்து உறவினர் ஒருவர் மூன்று கிழங்குகள் கொணர்ந்தார். கலப்பைபோல் வளைந்தவை, கலப்பைக்கிழங்கு என்னும் பெயர் அதனால் வந்தது. நுனிமுளை ஒடிந்தால் முளைப்பதரிது. அவசரத்தில் ஒன்றை நானே ஒடித்தேன். மற்ற இரண்டும் ஆடி மழையில் முளைத்து, இலைநுனிச் சுருளால் வேலியைப் பற்றி ஏறின. ஐப்பசியில் பசுமையாய் விரிந்த இதழ்கள் மஞ்சளாகிப் பின் சிவந்தன.

தையில் கொடி காய்ந்தது. பட்டுப்போயிற்றென்று அஞ்சிக் கோடை முழுதும் குடம் குடமாய் நீர் வார்த்தேன். தோண்டிப் பார்த்தபோது ஒரு கிழங்கு அழுகிக் கையோடு வந்தது. மண்ணுள் உறங்கியதை எழுப்பப் போய்க் கொன்றுவிட்டேன்.

எஞ்சியதையும் பிடுங்கி எறியச் சொன்னாள் என் இல்லாள். பேரன் தவழத் தொடங்கியிருந்தான். அவள் அச்சத்தில் நியாயம் உண்டு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின் உயிரையே மாய்க்கும். சிவந்த விதைகளோ குழந்தையின் கண்ணைக் கவர்பவை. இரு நாள் வாதிட்டேன். பின்னர்க் கையில் துணி சுற்றிக்கொண்டு கிழங்கைப் பெயர்த்து, கிணற்றுக்கு அப்பால் முள்வேலி அடைத்த மூலையில் நட்டேன். பிஞ்சிலேயே காய்களைக் கிள்ளிவிடுவதாக வாக்கும் கொடுத்தேன்.

இக்கோடையில் ஒரு சொட்டு நீரும் ஊற்றவில்லை. ஆடி பிறந்து பத்து நாளாகிறது. மண் வெறுமையாகவே உள்ளது. இன்று காலை, என்னிடம் சொல்லாமல், அவளும் அந்த மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.