லிங்கன் எழுதாத கடிதமும் எழுதிய கடிதங்களும்

தமிழ்நாட்டுக் கல்விநிலையங்களில் சில ஆண்டுகளேனும் பழகியவர்கள் அந்தக் கடிதத்தைப் படிக்காமல் தப்பியிருக்க வழியில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், தம் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் அது. நேர்மை, தோல்வியைத் தாங்கும் மனம், நூல்களின் இன்பம், இயற்கையின் எழில் ஆகியவற்றையெல்லாம் தம் மகனுக்குக் கற்பிக்கும்படி ஒரு தந்தை வேண்டுவதாக அமைந்தது. செப்டம்பர் 5ஆம் நாள் வந்துவிட்டால் பேச்சுப் போட்டிகளில் நான்கில் ஒன்று இதிலிருந்துதான் தொடங்கும். ஆண்டு மலர்களில் அச்சேறும். சட்டமிட்டுச் சுவரிலும் தொங்கும்.

அக்கடிதத்தை லிங்கன் எழுதியதற்கு எவ்விதச் சான்றும் இல்லை.

இதை நிறுவப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. தமிழ் முதுகலையில் நாம் கற்ற மூலபாட ஆய்வின் முதற்பாடமே போதும். கையெழுத்து மூலம் எங்கே, எந்த நாளில் எழுதப்பட்டது, யார் பெற்றார் என்று கேட்கவேண்டும். ராய் பேஸ்லர் பதிப்பித்து 1953இல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த லிங்கன் எழுத்துகளின் பெருந்தொகுப்பில் இக்கடிதம் இல்லை. ஆசிரியர் பெயரும் இல்லை, நாளும் இல்லை. அகச்சான்றும் ஒத்துவரவில்லை. லிங்கனுக்கு ஆண்மக்கள் நால்வர். இரண்டாமவன் எட்வர்டு, நான்கு வயது நிரம்புமுன்னரே 1850இல் இறந்தான். அவர் 1861இல் தலைவராகப் பதவியேற்றபோது மூத்தவர் ராபர்ட் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். இளையவர்களான வில்லிக்கும் டாடுக்கும் வெள்ளை மாளிகைக்கே ஆசிரியர் வந்து கற்பித்தார். குடியரசுத் தலைவர் தம் மகனை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பும் அந்தக் காலைப்பொழுது வரலாற்றில் எங்குமே பொருந்தவில்லை.

துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர், “கருத்து நல்லதுதானே ஐயா, யார் எழுதினால் என்ன?” என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. நம் மொழியிலும் யாரோ பாடிய தனிப்பாடல்கள் கம்பர் பெயரிலும் ஔவையார் பெயரிலும் வழங்குகின்றன. பெரிய பெயரின் நிழலில் நல்ல சொல் நெடுநாள் வாழ்கிறது. அதனால் யாருக்கு என்ன இழப்பு?

இழப்பு உண்டு என்பதே நம் எண்ணம். எழுதாத கடிதம் சுவரில் இருக்கும்வரை எழுதிய கடிதங்களை யாரும் தேடுவதில்லை. மனிதர் ஒருவர் இருந்த இடத்தில் பொன்மொழி வந்து அமர்ந்துவிடுகிறது. லிங்கன் விட்டுச்சென்ற கடிதங்களோ அப்பொன்மொழிகளைக் காட்டிலும் கடினமானவை. ஆகவே பயன் மிக்கவையும்கூட.

1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிலில் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில் தாயை இழந்தார். வாழ்நாளில் பள்ளிக்குச் சென்ற காலம் அனைத்தையும் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். சட்டத்தை நூல்களை இரவல் வாங்கித் தாமே கற்று, 1836இல் வழக்குரைஞராகும் தகுதி பெற்றார். இங்கும் ஒரு கட்டுக்கதை உண்டு. அவர் தோல்விகளை மட்டும் ஆண்டுவாரியாக அடுக்கி, கடைசியில் குடியரசுத் தலைவரானார் என்று முடிக்கும் பட்டியலைத் தன்னம்பிக்கை உரைகளில் கேட்டிருப்பீர்கள். 1834 தொடங்கி இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு அவர் தொடர்ந்து நான்கு முறை வென்றதும், 1846இல் நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அப்பட்டியலில் இரா.

கல்வி பற்றி அவர் உண்மையாகவே எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. 1860 ஜூலை 22 என்று நாளிட்டது. அப்போது அவர் குடியரசுக் கட்சியின் தலைவர் வேட்பாளர். மகன் ராபர்ட் 1859இல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தோற்று, ஓராண்டு எக்ஸெட்டர் என்னும் ஊரில் ஆயத்தப் பள்ளியில் பயின்று, மறுமுறை தேறினார். உடன் பயின்ற நண்பர் ஜார்ஜ் லேதம் தேறவில்லை. அச்செய்தி மகனின் கடிதத்தால் தெரிந்த மறுநாளே, தேர்தல் பரபரப்பின் நடுவில், லிங்கன் அந்த இளைஞருக்கு எழுதினார். தம் வாழ்வில் இதைவிடப் பெரிய வேதனையை அரிதாகவே உணர்ந்திருப்பதாகத் தொடங்குகிறார். சோர்வு பற்றிக்கொள்ள விடாதவரை இத்தோல்வியில் ஒன்றுமில்லை என்கிறார். தொடங்கிவிட்டாய், முடித்தே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகவும் சொல்கிறார். பிறகு நடைமுறைக்கு வருகிறார். அந்நிறுவனத்தின் தலைவர் அன்பில்லாதவராக இருக்கமாட்டார், நேரில் பார்க்க இசைவார், தடையை நீக்க எளிய வழி எது என்று காட்டுவார் என எழுதுகிறார்.

சுவரில் தொங்கும் கடிதத்தில் நாம் காணாதது இந்தக் கடைசிச் செய்திதான். தோற்றவனுக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. யாரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று சொல்பவர் சிலரே.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் மூன்று தாள்களில் அரியர் விழுந்ததும் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். கைப்பேசிக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. தொலைபேசியில் அழைத்து, நாமறிந்த தமிழில் லேதத்தின் கதையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்தப் பையன் போய்ப் பார்த்தானா ஐயா?” என்று மட்டும் கேட்டார். மறுவாரம் அவரை அழைத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்கு நாமே சென்றோம். கட்டணம் கட்டினார். இரண்டு தாள்களில் தேறிவிட்டார். ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. பொன்மொழியால் இது நடந்திருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

லிங்கன் எழுத்துகளில் அடுத்தடுத்த நாளில் எழுதிய இரண்டு கடிதங்களும் நமக்கு மிக உவப்பானவை. 1863 ஜூலை முதல் வாரத்தில் வடதரப்புக்குப் பெருவெற்றிகள் இரண்டு கிட்டின: கெட்டிஸ்பர்க்கும் விக்ஸ்பர்க்கும். விக்ஸ்பர்க்கை வென்ற தளபதி கிராண்ட்டுக்கு ஜூலை 13 அன்று எழுதினார். படை நகர்வு குறித்துத் தமக்கு மாறான கருத்து இருந்தது என்றும், தளபதி செய்ததே சரி, தாம் எண்ணியது பிழை என்றும் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். மறுநாள் கெட்டிஸ்பர்க்கில் வென்ற தளபதி மீடுக்கு எழுதினார். பின்வாங்கிய எதிரியைத் துரத்திப் பிடிக்கத் தவறியதால் போர் இனி முடிவின்றி நீளும் என்று கசந்து எழுதிய கடிதம் அது. எழுதி முடித்து, உறையிலிட்டு, அனுப்பவில்லை, கையொப்பமிடவும் இல்லை என்று உறையின்மேல் குறித்து வைத்துவிட்டார். தம் பிழையை அஞ்சலில் சேர்த்தவர், பிறர் பிழை குறித்த கடிதத்தைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். அதிகாரத்தில் இருப்போர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே செய்வர்.

இவ்வளவோடு நிறுத்தினால் நாமும் ஒரு புதுச் சுவரொட்டி செய்தவர்களாவோம். ஆகவே 1862 டிசம்பர் 6 முதல் 1863 ஜனவரி 1 வரை ஓடிய இருபத்தாறு நாள்களையும் பார்க்கவேண்டும்.

மின்னசோட்டாவில் வாழ்ந்த டகோட்டாப் பழங்குடியினருக்கு ஒப்பந்தப்படி சேரவேண்டிய பணம் தாமதமாயிற்று, பசி வந்தது, 1862 ஆகஸ்டில் போர் மூண்டது, குடியேறிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். போர் அடங்கியதும் இராணுவ ஆணையம் 303 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சில விசாரணைகள் ஒருசில நிமிடங்களில் முடிந்தவை. அனைவரையும் தூக்கிலிடுக என்று மாநில ஆளுநரும் மக்களும் நெருக்கினர். லிங்கன் ஆவணங்களை வரவழைத்து, வழக்கறிந்தவர் இருவரைக்கொண்டு ஒவ்வொன்றாக ஆராயச் செய்தார். போர்க்களத்தில் சண்டையிட்டவர்களை ஒதுக்கி, பொதுமக்களைக் கொன்றோர், பெண்களிடம் வன்கொடுமை புரிந்தோர் என்று கண்டவர்களைப் பிரித்தார். டிசம்பர் 6 அன்று 39 பேரின் பெயர்களைத் தம் கைப்படவே எழுதி ஆணையிட்டார். ஒருவருக்குத் தண்டனை நிறுத்தப்பட்டது. டிசம்பர் 26 அன்று மங்கேட்டோ ஊரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்க வரலாற்றில் ஒரே வேளையில் நடந்த மிகப்பெரிய தூக்குத் தண்டனை அதுவே. 260க்கு மேற்பட்டோரைக் காத்த கையும் 38 பேரை அனுப்பிய கையும் ஒன்றே.

இடையில் டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் வடதரப்புப் படை படுதோல்வி அடைந்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். அமைச்சரவையில் பிளவு. அந்த நெருக்கடி ஓய்ந்த சில நாள்களில், டிசம்பர் 23 அன்று, போரில் மாண்ட பழைய நண்பர் மெக்கல்லாவின் மகள் ஃபேனிக்கு ஓர் இரங்கற் கடிதம் எழுதினார். துயரம் எல்லாருக்கும் வருவது, இளையோர்க்கு அது எதிர்பாராமல் வருவதால் கசப்பு மிகுதி, காலமன்றி மருந்தில்லை, மீண்டும் மகிழ்வாய் என்பதை இப்போது நம்பமாட்டாய், ஆயினும் அது உறுதி, பட்டறிந்தவன் சொல்கிறேன் என்பது அதன் சாரம். பத்து மாதங்களுக்கு முன்புதான், அவ்வாண்டு பிப்ரவரி 20 அன்று, பதினொரு வயது வில்லியை வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். அதை அவர் கடிதத்தில் குறிப்பிடவில்லை.

இருபத்தாறாம் நாள் அடிமை விடுதலைப் பிரகடனம். புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்கில் கைகுலுக்கியதால் கை நடுங்கியது. கையெழுத்து நடுங்கினால் தயங்கினான் என்பார்களே என்று கவலைப்பட்டு, மெல்ல நிறுத்தி ஒப்பமிட்டார். அப்பிரகடனமும் முழுமையானதன்று. கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. ஒன்றியத்தில் நீடித்த கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகியவற்றின் அடிமைகளை அது தொடவில்லை. ஆயினும் கறுப்பினத்தவர் படையில் சேர அது வழி திறந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் சேர்ந்தனர். அடிமைமுறையை நாடு முழுதும் ஒழித்த பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று கீழவையில் 119க்கு 56 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது லிங்கன் இல்லை.

இதே மனிதர் 1858 செப்டம்பர் 18 அன்று இல்லினாயில் நடந்த தேர்தல் விவாதத்தில், கறுப்பினத்தவருக்குச் சமூக, அரசியல் சமத்துவம் வழங்கும் எண்ணம் தமக்கில்லை என்று மேடையில் அறிவித்தவர். அதையும் மறைக்கலாகாது. 1865 ஏப்ரல் 11 அன்று ஆற்றிய இறுதிப் பொதுவுரையில், கறுப்பினத்தவருள் கற்றவர்க்கும் படையில் பணிபுரிந்தவர்க்கும் வாக்குரிமை தரத் தாம் விரும்புவதாகச் சொன்னார். கேட்டு நின்ற கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகனும் இருந்தான். மூன்றாம் நாள் இரவு ஃபோர்டு நாடக அரங்கில் அவன் சுட்டான். மறுநாள் காலை லிங்கன் இறந்தார். ஏழாண்டுத் தொலைவை ஒரு மனிதர் நடந்து கடந்திருக்கிறார். பிறக்கும்போதே மகானாக இருந்தார் என்று சொல்லிவிட்டால் அந்த நடையை நாம் அழித்தவர்களாவோம்.

லிங்கனை எப்படி நினைவுகூர்வது என்பதை நமக்குக் கற்பித்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்தவர். 1876 ஏப்ரல் 14 அன்று, விடுதலை பெற்றோர் திரட்டிய பணத்தில் வாஷிங்டனில் எழுந்த லிங்கன் சிலையின் திறப்பு விழாவில் அவர் பேசினார். குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்வரிசையில் இருக்க, லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவரே என்றும், தம் மக்கள் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் போன்றவர்களே என்றும் கூறினார். ஒழிப்பியக்கத்தார் கண்கொண்டு பார்த்தால் அவர் தாமதமானவர், குளிர்ந்தவர். அவர் நாட்டு மக்களின் மனநிலையோடு ஒப்பிட்டால் விரைவானவர், உறுதியானவர் என்று இரண்டையும் ஒரே உரையில் சொன்னார். நன்றியும் சொன்னார். அச்சிலையில் அடிமை மண்டியிட்டிருப்பதைப் பலர் ஏற்கவில்லை. பாஸ்டன் நகரில் இருந்த அதன் படி 2020இல் அகற்றப்பட்டது.

விழா மேடையில் நின்று இவ்வளவு உண்மையை இவ்வளவு மரியாதையோடு பேசமுடியும் என்பதை நம் மாணவர்கள் அறியவேண்டும். இவ்வாண்டு பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும் மாணவி ஒருவரிடம் லேதத்துக்கு எழுதிய கடிதத்தின் தமிழாக்கத்தையும் டக்ளஸ் உரையின் சுருக்கத்தையும் கொடுத்திருக்கிறோம். “இதை வைத்துப் பேசினால் பரிசு கிடைக்குமா ஐயா?” என்று கேட்டார். கிடைக்காமல் போகலாம் என்றோம். சிறிது யோசித்து, இரண்டையும் வாங்கிக்கொண்டார்.