ஐப்பசிச் சோலையில் ஒரு நாள்

ஆங்கிலப் பாடநூல்களிலே இலையுதிர் காலம் என்னும் பருவத்தைப் பற்றி யாம் பலகாலும் படித்திருக்கின்றோம். மேல்நாட்டிலே அக்டோபர்த் திங்களில் மரங்கள் பொன்னிறமும் செந்நிறமும் பூண்டு இலைகளை உகுத்து நிற்கும் என்ப. நம் பாண்டி நாட்டிலோ ஐப்பசி, உதிர்க்கும் திங்கள் அன்று, தளிர்க்கும் திங்களேயாகும். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று வகுத்தனர் பண்டையோர். ஏட்டிலே கற்ற கூதிரைக் காட்டிலே காண விழைந்து, சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமையன்று, விலங்கியல் பயிலும் எம் நண்பருடன் அழகர்மலைக்குச் சென்றோம்.

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அம்மலை. பரிபாடலில் திருமாலிருங்குன்றம் எனப் பாடப்பெற்றது இதுவே. அடிவாரத்துக் கோயிலைக் கடந்து, பழமுதிர்சோலை வழியே சிலம்பாற்றுக்கு ஏறும் பாதையில் காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினோம். முதல்நாள் இரவு பெய்த மழையால் உசிலும் வெப்பாலையும் நீர் சொட்ட நின்றன. மண்ணின் மணம் எங்கும் கமழ்ந்தது.

யாம் வாளாவிருந்தோமில்லை. சிலம்பாற்றை நூபுரகங்கை என்பதும், நூபுரம் சிலம்பைக் குறிக்கும் வடசொல் என்பதும், குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களை அடுக்கினார் என்பதும் எல்லாம் உரத்த குரலில் விரித்துரைத்துக்கொண்டே சென்றோம். நண்பர் புன்முறுவலுடன் வழியோரத்துச் செடியொன்றைக் காட்டி, "இதன் பெயர் யாது?" என்று வினவினார். தேர்வுக்காக 99 மலர்களையும் நெட்டுருச் செய்த எமக்கு, கண்முன் நின்ற ஒரு பூவின் பெயர் தெரியவில்லை. நாணித் தலைகுனிந்தோம். "காட்டிலே கண்ணைக் காட்டிலும் காது முந்தும். சற்று நேரம் பேசாமல் நடப்போம்" என்றார் அவர்.

பேச்சு அடங்கியதும் காடு பேசத் தொடங்கிற்று. கீரியொன்று பாதையைக் குறுக்கே கடந்து புதரில் மறைந்தது. குட்டியை வயிற்றில் தாங்கிய குரங்கொன்று எம்மை ஐயத்துடன் நோக்கிற்று. பாறைமேல் நின்ற ஆண்மயிலுக்கு நீண்ட தோகை இல்லை. இனம்பெருக்கும் காலம் கழிந்தபின் அது பீலியை உதிர்த்துவிடும் என்றும், பின்னர் மீண்டும் முளைக்கும் என்றும் நண்பர் மெல்லக் கூறினார். நம் நாட்டுக் கூதிரிலும் உதிர்வது ஒன்று உண்டு என அறிந்து வியந்தோம்.

நண்பகலுக்கு மேல் ஓடையருகே அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். அப்பொழுது சருகுகளுக்கிடையே ஏதோ அசைந்தது. நண்பர் எம் தோளைத் தொட்டு, இருகண்நோக்கியை எம் கையில் தந்தார். பசிய முதுகு, மங்கிய பொன்னிற மார்பு, கண்ணைச் சூழ்ந்த கரிய பட்டை, சிறகிலே நீலம், வாலடியிலே செம்மை, குறுகிய வால். அப்பறவை தத்தித் தத்திச் சென்று சருகைப் புரட்டிப் புழுவைக் கொத்தியது. எம் கை நடுங்கியது. அதனை யாம் முன்னரே அறிவோம்.

எமக்கு எட்டு வயதிருக்கும். ஒரு மழைக்கால இரவில் இதே நிறமுடைய பறவை எம் வீட்டுத் திண்ணை விளக்கருகே வந்து வீழ்ந்தது. அதன் அழகில் மயங்கிக் கூட்டில் அடைத்தோம். அரிசியும் கம்பும் இட்டோம், அது தொடவில்லை. பிடிவாதம் என்று எண்ணினோம். மூன்றாம் நாள் காலையில் அது கூட்டின் மூலையில் இறந்து கிடந்தது. கொல்லையில் புதைத்து அழுதோம். அது எப்பறவை என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை.

இதனை நண்பரிடம் கூறினோம். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இதன் பெயர் ஆறுமணிக்குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டும். தென்மேற்குப் பருவமழைக்காலம் முடிந்ததும் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வரும். இரவிலே பறப்பதால் விளக்கொளியில் மயங்கிச் சோர்ந்து வீழ்வதும் உண்டு. புழுவும் பூச்சியுமே இதன் உணவு, தானியம் தின்னாது" என்றார்.

அத்துணைத் தொலைவு பறந்து வந்த விருந்தினருக்கு யாம் அளித்தது சிறையும், உண்ணவொண்ணாத உணவும்! பகையால் அன்று, அன்பினாலேயே அதனைக் கொன்றோம். அறியாமையோடு கூடிய அன்பு பகையினும் கொடியது என்று அன்று உணர்ந்தோம்.

மாலையில் மலையிறங்கும்போது, புதர்களின் உள்ளிருந்து இருசீருடைய தெளிந்த சீழ்க்கையொலி எழுந்தது. நண்பர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மணி ஆறாக இரண்டு நிமிடம் இருந்தது. புலரியிலும் அந்தியிலும் கூவுவதாலேயே அப்பெயர் பெற்றது போலும். பெயரிட்ட நம் முன்னோர் ஏட்டைப் புரட்டிப் பெயரிடவில்லை, செவிசாய்த்தே பெயரிட்டனர்.

இதனைப் படிக்கும் நண்பர்காள்! ஐப்பசி இரவில் இப்பறவை உங்கள் வாயிலில் வந்து வீழ்ந்தால் கூட்டில் அடையாதீர். நாய்க்கும் பூனைக்கும் எட்டாமல், இருண்ட அமைதியான இடத்தில் சற்று இளைப்பாற விடுங்கள். பின்னர் மரமடர்ந்த இடத்தில் விடுத்துவிடுங்கள். அது பறந்து செல்வதைக் காணும் பேறு எமக்கு வாய்க்கவில்லை, உங்களுக்கேனும் வாய்க்குமாக.